முசே பேசிய ஞாயிற்றுக்கிழமைகள்

முதலியார்பேட்டை முதியோர் நேசக் கழகம் ஆரம்பித்தபோது எங்கள் தெருவில் எந்தக் கிழமும் நேசம் வேண்டுமென்று அழவில்லை. அழுததெல்லாம் மருமகள்கள். எண்பத்து நாலு வாக்கில் தெருவுக்கு ஒரு வீட்டில் டி.வி. வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படம் போடுவான். அந்த ஒரு கூடத்தில் தெருவே உட்கார வேண்டும் என்றால் வீட்டில் கிடக்கும் கிழங்களை எங்கே தள்ளுவது? அந்த நேரம் பார்த்துத் தெய்வசிகாமணி முசே வாசகசாலை வாசலில் ஒரு போர்டு மாட்டினார். ‘ஞாயிறு மாலை, முதியோருக்கு நட்பும் நல்லறிவும்’ என்று எழுதியிருந்தது. என் மருமகள் எனக்குத் தலைவாரி, பெட்டியிலிருந்த நல்ல சேலையை எடுத்துக் கட்டிவிட்டு, பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் நிறுத்துவதுபோல வாசலில் நிறுத்தினாள். அவளுக்கு என்மேல் இவ்வளவு பாசம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

என் பெயர் சின்னப்பாப்பா. அறுபதைத் தாண்டியும் அதுதான் பெயர். வைத்தவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், இனி யாரிடம் போய் மாற்றச் சொல்வது? மில்லில் நூல் சுற்றும் பகுதியில் வேலை பார்த்தேன். பக்கத்திலேயே தறிக்கூடம். நடுவில் சுவர் என்று ஒன்று இருந்தது, பேருக்கு.

முசே எங்கள் தெருவில் படித்த மனிதர். பிரெஞ்சுக்காரன் காலத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராகச் சேர்ந்தவர். அந்தக் காலத்துப் பிள்ளைகள் ஐயா என்பதைப் பிரெஞ்சில் ‘முசே’ என்று கூப்பிட்டதைத் தெருவும் பிடித்துக்கொண்டது. பிரெஞ்சுக்காரன் மூட்டை கட்டிக்கொண்டு போய் முப்பது வருஷம் ஆகியும் இவர் மட்டும் பாடத்தை முடிக்கவில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்று, சம்சாரம் சொர்ணமும் தவறிப்போன பிறகு, மிச்சமிருந்த பாடத்தை யார் தலையில் கட்டுவது என்று தேடிக்கொண்டிருந்தார். நாங்கள் கிடைத்தோம்.

கழகத்தில் நட்பு எப்படி வளர்ந்தது என்று சொல்கிறேன். எல்லோரும் பெஞ்சில் உட்காருவோம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் எதிர்ப்பக்கம், நடுவில் மேசை. முசே பிரெஞ்சில் ‘போன்ஸ்வார்’ என்று மாலை வணக்கம் சொல்லிவிட்டு மைக்கைக் கையில் எடுப்பார். முப்பது பேர் உள்ள கூடத்துக்கு மைக் எதற்கு என்று கேட்கக் கூடாது. அது அவர் சொந்தமாக வாங்கியது. கைக்கு அடங்காத மைக். அதை உதட்டோடு ஒட்டி, குச்சி ஐஸ் தின்கிற பிள்ளை மாதிரி பிடித்துக்கொண்டு பேசுவார். பிரெஞ்சு தேசத்துப் புரட்சியைப் பற்றிப் பேசுவார். ராஜாவின் தலையை வெட்டினார்களாம். அந்தத் தலை விழுவதற்குள் எங்கள் கழகத்துக்கு இரண்டு பொங்கல் வந்து போனது.

இதெல்லாம் பிறகு தெரிந்த சங்கதி. அப்போது அவர் புரட்சியைப் பேசினாரா, புடலங்காயைப் பேசினாரா என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. எங்களுக்குக் காது கேட்காது.

தறிக்கூடத்தில் முப்பது வருஷம் நின்றவர்களுக்குக் காது மிச்சம் இருக்காது. தறி ஓட்டின ஆண்களில் பாவாடை என்கிறவருக்கு இரண்டு காதும் போய்விட்டது. அம்மாவாசை என்கிறவருக்கு ஒன்றரை. எனக்கு வலது காதில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, கிட்டே வந்து கத்தினால் விழும். ஆனால் அதனால் யாரும் ஊமையாகிவிடவில்லை. தறி ஓடும் இடத்தில் குரலை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது என்று வேலைக்குச் சேர்ந்த வாரமே தெரிந்துவிடும். உதட்டை மட்டும் அசைப்போம். எதிரில் நிற்கிறவள் கண்ணால் பார்த்துக்கொள்வாள். கூடத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு, மேஸ்திரியின் தலைக்கு மேலேயே, அவனுடைய சம்சாரத்தைப் பற்றிப் பேசுவோம். அவனுக்கு ஒன்றும் தெரியாது.

வாசகசாலையிலும் அதையேதான் செய்தோம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் எதிர்ப்பக்கம் என்று உட்கார வைத்த புண்ணியம் முசேயைத்தான் சேரும். எல்லோர் வாயும் எல்லோருக்கும் தெரிந்தது. யார் வீட்டில் எந்த மருமகள் என்ன செய்தாள், யாருக்கு வயிற்றுப்போக்கு, யாருடைய மகன் காலாப்பட்டில் எவளையோ சேர்த்துக்கொண்டிருக்கிறான் என்று ஒரு சத்தம் இல்லாமல் இரண்டு மணி நேரம் ஓடும். மைக்குக்குப் பின்னாலிருந்து பார்த்த முசேக்கோ, கிழங்கள் உதட்டை அசைத்துப் பாடத்தை மனப்பாடம் செய்வதாகத் தோன்றியது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் முணுமுணுத்துப் படிப்பார்களே, அந்த மாதிரி. எவ்வளவு பெரிய படிப்பாளியாக இருந்தால் இப்படியெல்லாம் தோன்றும்! அவரும் வாத்தியார் பழக்கத்தில் எல்லோரிடமும் கத்தியே பேசுவார். அதனால் வாசலில் நலம் விசாரிக்கும்போதும் எங்கள் குட்டு வெளிப்படவில்லை.

எனக்கு இந்தக் கழகம் வேண்டியிருந்ததற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான். குஞ்சம்மாள்.

குஞ்சம்மாளும் நானும் பக்கத்துப் பக்கத்தில் நின்று நூல் சுற்றினோம். ஒரு தூக்குச் சோற்றை இரண்டு பேரும் தின்றோம். அவளுடைய மகன் அரிகிருஷ்ணன் தவளக்குப்பம் கூட்டு ரோட்டில் மளிகைக் கடை போட்டதும் அம்மாவையும் அங்கே கூட்டிப்போய்விட்டான். அதற்குள் அவளுக்குக் காது சுத்தமாக அடைத்துவிட்டது. தன் குரல் தனக்கே கேட்காததால் அது கரகரத்து எங்கெங்கோ போகும். பேரப்பிள்ளைகள் அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். அவள் ரோஷக்காரி. ஒருநாள் குரலை நிறுத்தினவள் நிறுத்தினவள்தான். தவளக்குப்பத்தில் அவள் உதட்டைப் படிக்க ஒரு ஆள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை கடலூர் பஸ்ஸில் ஏறி முதலியார்பேட்டையில் இறங்கினால்தான் அவளுக்கு வாய் உண்டு. அரிகிருஷ்ணனும் ‘சொற்பொழிவு கேட்கப் போறாங்க’ என்று கௌரவமாக அனுப்பிவைத்தான். காது கேட்காதவள் சொற்பொழிவுக்குப் போய் என்ன செய்வாள் என்று அவனும் யோசிக்கவில்லை. யோசிக்காத மகன்கள் இருப்பதும் ஒரு வகையில் நல்லதுதான்.

கழகத்துக்கு இரண்டாவது ஆண்டு விழா வந்தது. முசே சமூக நலத்துறையிலிருந்து ஒரு அதிகாரி அம்மாவைக் கூட்டிவந்துவிட்டார். அந்த அம்மா வந்த ஜீப்பைப் பார்த்துத் தெருவே டி.வி.யை விட்டுவிட்டு வாசலுக்கு வந்தது. முசேக்குத் தலைகால் புரியவில்லை.

“மேடம், ரெண்டு வருஷமா இவங்க பேச்சுக்கு நடுவுல ஒரு வார்த்தை பேசினது கிடையாது. எந்தக் காலேஜ்ல இந்த ஒழுக்கம் இருக்கு, சொல்லுங்க!” என்று கத்தினார்.

அந்த அம்மா அசந்துபோய், முதல் பெஞ்சில் இருந்த அம்மாவாசையின் காதருகே குனிந்து உரக்கக் கேட்டாள். “தாத்தா, முசே பேசினதுல உங்களுக்குப் பிடிச்சது எது?”

“எல்லாமே நல்லாத்தாம்மா இருக்கும்” என்றார் அம்மாவாசை. அதோடு விட்டிருக்கலாம்.

“ஏதாவது ஒண்ணு சொல்லுங்களேன்.”

அம்மாவாசை கூடத்தின் அந்தக் கோடியில் இருந்த பாவாடையைப் பார்த்தார். ‘இன்னா சொல்லட்டும்?’ என்று உதட்டால் கேட்டார். ‘எனக்கு இன்னா தெரியும்?’ என்றது பாவாடையின் உதடு. அம்மாவாசை அதிகாரியின் பக்கம் திரும்பி, “எனக்கு இன்னா தெரியும்?” என்று அப்படியே ஒப்பித்தார்.

முசே பதறிப்போய் எடுத்துக் கொடுத்தார். “அதாங்க, தலையை வெட்டினாங்களே! ராஜா தலையை!”

“அய்யோ! எந்த ஊர்ல முசே? போலீசு வந்துச்சா?” என்றார் அம்மாவாசை.

அதிகாரி அம்மா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். முசே அடுத்தவரைப் பார்த்தார், அதற்கடுத்தவரைப் பார்த்தார். எல்லோரும் தரையைப் பார்த்தோம். பாவாடைக்குத்தான் பொறுக்கவில்லை. அந்த ஆளுக்கு நாசூக்கு என்பது பிறந்ததிலிருந்தே கிடையாது. எழுந்து நின்று, தனக்கே உரிய அளவு தெரியாத குரலில் உண்மையைப் போட்டு உடைத்தார்.

“அவர சொம்மா நோண்டாதீங்கம்மா. எங்க யாருக்கும் காது கேக்காது. மில்லுலயே போயிடுச்சு.”

முசேக்குக் கையிலிருந்த மைக் இறங்கிவிட்டது. பாவாடையின் முகத்துக்கு நேரே போய்க் கத்தினார். “அப்போ ரெண்டு வருஷமா இங்க வந்து என்னதான் பண்ணீங்க?”

“பேசிகினு இருந்தோம்.”

“சத்தமே வரலையே!”

“சத்தம் எதுக்கு முசே? வாய்தான் இருக்குதே.”

சொன்னதோடு நில்லாமல், எப்படிப் பேசுவது என்று காட்டுவதற்காக உதட்டை இப்படியும் அப்படியும் அசைத்தும் காட்டினார். வாசலில் நின்ற கூட்டம் கொல்லென்று சிரித்தது. “குரங்குச் சேட்டை! மில்லுக்காரனுங்க ஜாடை!” என்று முசேக்கு ஆத்திரத்தில் வார்த்தை குழறியது. மைக்கைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். அதிகாரி அம்மா மட்டும் கேசரியைச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனாள்.

விட்டது சனியன் என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம் என்பதை மறைப்பானேன்? வாசகசாலைச் சாவி பாவாடையிடம் இருந்தது. முசே இல்லை, மைக் இல்லை, ராஜா இல்லை. அடுத்த ஞாயிறு பேசித் தீர்த்துவிடலாம் என்று எல்லோரும் நேரத்துக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்தோம்.

அப்போதுதான் ஒன்று புரிந்தது. எங்களுக்கு அந்த உதட்டுப் பேச்சு இரைச்சலில்தான் வரும். முசே மைக்கில் முழங்கும்போது அது காதில் விழாவிட்டாலும் பெஞ்சில் அதிரும், நெஞ்சுக்கூட்டில் அதிரும். உடம்பு தறிக்கூடத்தில் இருப்பதாக நினைத்துக் குரலைத் தானே அடக்கிக்கொள்ளும். அந்த அதிர்வு நின்றதும் ஷிப்டு முடிந்து தெருவுக்கு வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டது போலிருக்கிறது. ஒவ்வொருவராக வாயைத் திறந்து பேச ஆரம்பித்தார்கள். காது கேட்காதவன் ரகசியம் பேசினால் எப்படி இருக்கும்? அம்மாவாசை, பக்கத்திலிருந்தவரின் தோளில் கைபோட்டு, மிகவும் ரகசியமாக, தன் மருமகள் மீன் தலையை எல்லாம் ஒதுக்கிவைத்துத் அவளுடைய தம்பிக்குக் கொடுத்தனுப்புவதைச் சொன்னார். அது நாலு வீடு தள்ளி டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்த மருமகளுக்கும், அவளுடைய தம்பிக்கும், தெருவுக்கும் கேட்டது. படத்தில் கதாநாயகி சாகும் கட்டத்தை விட்டுவிட்டு அவள் எழுந்து வந்தாள் என்றால் எவ்வளவு கோபம் இருந்திருக்க வேண்டும்!

அதற்கடுத்த வாரம் பாதிப் பேரை வீட்டை விட்டு அனுப்பவில்லை. வந்த மீதிப் பேர் ஒருவர் வாயை ஒருவர் பார்த்துப் பயந்துகொண்டு, சாமி கும்பிட வந்ததுபோல உட்கார்ந்திருந்துவிட்டுக் கலைந்தோம். அதோடு வாசகசாலைக்குப் பூட்டுப் போட்டாயிற்று. ‘நட்பும் நல்லறிவும்’ போர்டில் யாரோ ரேஷன் கடை நேரத்தை எழுதி வைத்தார்கள். அதுவாவது உபயோகமாக இருந்தது.

குஞ்சம்மாள் வரவில்லை. ஒரு மாதம் பார்த்தேன். பிறகு நானே தவளக்குப்பத்துக்குப் பஸ் ஏறினேன்.

அரிகிருஷ்ணன் கடையில் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தான். மரியாதை தெரிந்த பிள்ளை, எழுந்து நின்று கத்திப் பேசினான்.

“வாங்க பெரிம்மா. அம்மா உள்ளதான் இருக்காங்க. கூட்டம் நின்னுபோச்சுன்னு கேள்விப்பட்டேன். சொற்பொழிவு இல்லன்னா அவங்கள எதுக்கு பஸ்ல அலைய வுடணும்? எங்கனா தவறி வுழுந்தா யாரு பாக்குறது?”

“நான் இல்லியாடா பாக்குறதுக்கு?”

“உங்களயே யாராவது பாக்கணும் பெரிம்மா” என்று சிரித்தான். அவன் சொன்னதிலும் தப்பில்லை.

குஞ்சம்மாள் பின்கட்டில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் உதடு அசைந்தது. எனக்குப் பகீரென்றது. அவள் உதடு மெதுவாகிவிட்டது. மேஸ்திரி திரும்பிப் பார்ப்பதற்குள் ஒரு குடும்பத்தின் கதையையே சொல்லி முடிக்கிறவள், இப்போது ஒரு சொல்லை எடுத்து, வைத்து, அடுத்த சொல்லைத் தேடினாள். நம் தெருவில் எல்லோரும் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டாள். முதல் வீட்டிலிருந்து கடைசி வீடு வரை சொன்னேன். முடித்ததும், ‘இன்னொரு வாட்டி சொல்லு’ என்றாள்.

இன்னொரு வாட்டியும் சொன்னேன். கூடவே கோபமும் வந்தது. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாததால் அதை முசேமேல் வைத்துக்கொண்டேன். கிளம்பும்போது அரிகிருஷ்ணனிடம், கூட்டம் மறுபடி நடக்கும், உங்கம்மாவை அனுப்பு என்றேன்.

“நடந்தா ஒரு வாட்டி நானே கூட்டிகினு வர்றேன் பெரிம்மா. இன்னா நடக்குதுன்னு பாக்குறேன். பிரயோசனமா இருந்தா அனுப்புறேன், இல்லன்னா வேணாம்.”

பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக முசே வீட்டுக்குப் போனேன். மனிதர் பனியனோடு உட்கார்ந்து மைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்துத் துடைத்து அதன் வலை பளபளவென்று இருந்தது. என்னைக் கண்டதும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

“ஞாயித்துக்கிழமை பேச வரணும் முசே” என்றேன்.

எழுந்து என் வலது காதுக்கு வந்தார். “செவிடங்களுக்குப் பேச நான் என்ன பைத்தியமா?”

“ரெண்டு வருஷமா பேசுனீங்க. அப்பவும் நாங்க அப்பிடிச் சொல்லலியே.”

“நான் சொன்னதுல ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, வர்றேன்.”

யோசித்துப் பார்த்தேன். தலை வெட்டினது மட்டும்தான் ஞாபகம் வந்தது. அதுவும் ஆண்டு விழாவில் தெரிந்துகொண்டது. பொய் சொல்ல எனக்கு வரும், ஆனால் வாத்தியாரிடம் சொன்னால் அடுத்த கேள்வி கேட்பார்.

“ஒண்ணியும் தெரியாது முசே. ஆனா நீங்க பேசலன்னா எங்களால பேச முடியல.”

“ஓஹோ. அப்ப நான் மனுஷன் இல்ல, தறி!”

“தறிதான். தறி ஓடுனாத்தான் எங்களுக்கு வாய் வரும்.”

இதைவிட நயமாகச் சொல்லியிருக்கலாம். முசேயின் முகம் சிவந்துபோயிற்று. இருந்தாலும் விடாமல் குஞ்சம்மாள் கதையைச் சொன்னேன், மெதுவாகிப்போன உதட்டையும் சொன்னேன். அவர் வாசல்வரை வந்து கதவைச் சாத்திக்கொண்டார். படித்தவர் அல்லவா, சாத்தும்போது சத்தம் வராமல் சாத்தினார். வந்திருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டார். துணியில் சுற்றிய மைக்கோடு, யாருக்கும் போன்ஸ்வார் சொல்லாமல், மேசைக்குப் பின்னால் போய் நின்றார். ஏன் வந்தார் என்று எனக்குப் புரியவில்லை. வீட்டில் இருந்த அலுப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அவர் வருவாரோ மாட்டாரோ என்று தெரியாமலே, கூட்டம் உண்டு என்று நான் எல்லோருக்கும் சொல்லிவைத்திருந்தேன். செய்தி தெரிந்த மருமகள்கள் மறுபடியும் பெட்டியிலிருந்து நல்ல சேலைகளை எடுத்தார்கள். அரிகிருஷ்ணன் சொன்னபடியே அம்மாவைக் கூட்டிவந்து என் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றான். சாமான் வாங்குவதற்கு முன்னால் புரட்டிப் புரட்டிப் பார்க்கிற ஆளைப்போல நின்றான்.

முசே தொடங்கினார். பெஞ்சு அதிர்ந்தது. அவ்வளவுதான், கூடம் முழுவதும் உதடுகள் பிய்த்துக்கொண்டன. ஒரு மாதத்துச் சங்கதி அல்லவா! குஞ்சம்மாள் முதலில் தடுமாறினாள். பிறகு எதிர்ப்பெஞ்சிலிருந்து பாவாடை, மீன் தலை விவகாரத்தைத் தொடக்கத்திலிருந்து நடித்துக் காட்ட, இவள் உதட்டுக்கும் வேகம் வந்துவிட்டது. தோள் குலுங்கச் சிரித்தாள். வாசலில் நின்ற மகனோ எங்களைப் பார்த்து முகத்தைச் சுளித்தான். அவன் கண்ணுக்கு, ஒருவர் பேசுகிறார், ஒருவரும் கேட்கவில்லை, முப்பது கிழங்கள் சும்மா வாயை மென்றுகொண்டிருக்கின்றன. இதுதானா பிரயோசனம் என்று கடிகாரத்தைப் பார்த்தான்.

கரண்டு போனது. எங்களுக்கு அது வேர்வையில்தான் தெரியும். விசிறி நின்றதும் எல்லோரும் மேலே பார்த்தோம், பிறகு முசேயைப் பார்த்தோம். அவர் மைக்கைத் தட்டிப் பார்த்தார். மேசைமேல் வைத்தார். நாற்காலியில் உட்கார்ந்து, நின்றுபோன விசிறியைப் பார்த்தபடியே வாயை அசைத்தார்.

குரல் இல்லை. அரிகிருஷ்ணன் வாசலில்தான் நின்றான், தனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை என்று பிறகு சத்தியம் செய்தான். முசே தனக்குத்தானே பேசினார். மில்லுக்காரன் ஜாடையெல்லாம் மில்லுக்காரனுக்குத்தான் என்று நினைத்திருந்த மனிதர், தன் உதட்டையும் யாராவது படிக்க முடியும் என்று எப்படி நினைப்பார்? இரண்டு வருஷத்தில் அந்த மேசைக்குப் பின்னால் அவர் வாயை நாங்கள் பார்த்தது அன்றைக்குத்தான். அதுவரை மைக்கைத்தான் பார்த்திருந்தோம்.

‘பாத்தியா சொர்ணம்,’ என்று போய்ச்சேர்ந்த சம்சாரத்தைக் கூப்பிட்டது அந்த உதடு. ‘இன்னைக்கும் எவனும் கேக்கல. நான் தறியாம். வந்து ஓடணுமாம். வரக் கூடாதுன்னுதான் இருந்தேன். வீட்டுல இருந்து என்ன பண்றது? காலையில எழுந்து சட்டையை மாட்டிகினு வாசல்ல நின்னா பால்காரன்கூட நிக்க மாட்டேங்கிறான். நீ இருந்தப்ப நான் எதைச் சொன்னாலும் அடுப்படியிலேருந்து ம் கொட்டுவ. ராஜா தலையை வெட்டினாங்கன்னாலும் ம். ரசத்துல உப்பு இல்லன்னாலும் ம். நீ கேட்டியா இல்லையான்னு நான் ஒருநாள்கூட எட்டிப் பாத்ததில்ல. அந்த ம் எனக்குப் போதும். அது இல்லாமத்தான் வீட்டுல இருக்க முடியல.’

கூடத்தில் ஒரு உதடு அசையவில்லை. நாங்கள் முப்பது பேரும் சேர்ந்தாற்போல வாயை மூடியது அதற்கு முன் எங்கேயும் நடந்ததில்லை, மில்லிலும் இல்லை. அவரைக் கேலி பேசியே வளர்ந்த கழகம் அது. எனக்கு அழுகை வந்தது, யார்மேல் கோபத்தைத் திருப்புவது என்று தேடியும் ஆள் கிடைக்கவில்லை. எதிரே பாவாடை துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஏதாவது சொல்ல வேண்டும் என்று எல்லோருக்கும் இருந்தது. எப்படிச் சொல்வது? உதட்டால் சொன்னால் அவருக்குப் புரியாது. அதுவும் அவர் கேட்டது ஒரு ‘ம்’. எங்கள் பேச்சில் எதையும் சொல்லிவிடலாம், ‘ம்’ மட்டும் சொல்ல முடியாது. உதடு மூடிக்கொள்ளும், சும்மா இருப்பதுபோல இருக்கும். அதற்குக் குரல் வேண்டும்.

என் பக்கத்தில் பெஞ்சு அதிர்ந்தது. திரும்பினேன். குஞ்சம்மாள் கழுத்து நரம்பு புடைக்க, உதட்டை இறுக மூடிக்கொண்டிருந்தாள்.

“ம்ம்ம்.”

என் வலது காதுக்கே விழுந்தது. துருப்பிடித்த கேட்டைத் தள்ளினதுபோல ஒரு சத்தம். எத்தனையோ வருஷமாகப் பூட்டி வைத்திருந்த குரல் எப்படி வரும், அப்படித்தான் வந்தது. முசே திடுக்கிட்டுப் பார்த்தார். அம்மாவாசையும் “ம்” என்றார். பாவாடை “ம்” என்றார். நானும் சொன்னேன். பிறகு முப்பது பேரும், ஒருவருக்கும் அளவு தெரியாத தொண்டையோடு, “ம்” கொட்டினோம். டி.வி. நின்றுபோய் வெளியே நின்ற தெரு, வாசகசாலைக்குள் மாடு புகுந்துவிட்டதென்று ஓடிவந்தது.

முசே எழுந்து நின்றார். “கேட்டுதா?” என்று வாயைப் பெரிதாகத் திறந்து கேட்டார்.

“தெரிஞ்சுது முசே” என்றார் பாவாடை.

“எதுவரைக்கும்?”

“எல்லாந்தான்.”

முசே சட்டென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டார். இனிமேல் பொத்தி என்ன செய்ய?

அரிகிருஷ்ணன் பெஞ்சுகளைத் தாண்டி என்னிடம் வந்தான். முகம் வெளுத்திருந்தது. “பெரிம்மா, மொதல்ல கத்துனது எங்கம்மாவா?”

“வேற எவ?”

அவன் அம்மாவைப் பார்த்துக்கொண்டே நின்றான். அவள் அவனைக் கவனிக்கவில்லை, முசேயின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “அடுத்த வாரம் எத்தினி மணிக்கு அனுப்பணும்?” என்று என் காதில் கேட்டான். கேட்டுவிட்டு வாசலுக்குப் போகாமல், ஆண்கள் பக்கத்துப் பெஞ்சில் போய் உட்கார்ந்தான்.

கரண்டு வந்தது. விசிறி சுற்றியது. முசே பழக்கத்தில் மைக்குக்குக் கை நீட்டினார். பாவாடை முந்திக்கொண்டு அதை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். “இது வேணாம். இது வாயை மறைக்குது” என்றார்.

மைக் இல்லாமல் முசே நின்றார். உதடு நடுங்கியது, அதுவும் எங்களுக்குத் தெரிந்தது. கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, “எங்க விட்டேன்?” என்று கேட்டார். ராஜாவைத்தான் கேட்டிருப்பார். குஞ்சம்மாள் என் தொடையில் தட்டினாள். அவள் உதட்டைப் பார்த்து நான் எழுந்து நின்று, அவருக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னேன்.

“ரசத்துல உப்பு இல்லன்னு சொன்னீங்களாம். அதுக்கு அவங்க இன்னா பண்ணாங்க, சொல்லுங்க.”

முசே மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி, மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார்.